வெடிக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள்

கடலுக்குள் எரிவாயு இறக்கும் முனையம் என்ற பேச்சு வந்தாலே எங்கள் பக்கத்தில் எழும் முதல் கேள்வி, “வெடிக்குமா?” கட்டாரில், ராஸ் லஃபானில் வேலை செய்யும் அத்தானிடம் நானும் அதைத்தான் கேட்டேன். “தம்பி, குளிரவைத்துத் திரவமாக்கிய இந்த எரிவாயு மசகெண்ணெய் போல் கரையில் ஒட்டிக் கிடக்காது. கடலில் கொட்டினால் கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவி தீப்பிடிக்கும் என்பதால்தான் சுற்றிவரப் பாதுகாப்பு வலயம் வைக்கிறார்கள்” என்றார். தெளிவான பதில்.

என் கவலை வேறு. இந்த எரிவாயு கழித்தல் 162 பாகை செல்சியஸில், ஏறத்தாழ 600 மடங்கு சுருங்கி, திரவமாகக் கப்பலில் வருகிறது. அதை மீண்டும் வாயுவாக்கச் சூடேற்ற வேண்டும். மலிவான வழி கடல்நீர்: உறிஞ்சி, குழாய்களின் மேல் ஓடவிட்டு, குளிர்ந்ததும் கடலிலேயே விடுவது. குழாயில் சிப்பி பிடிக்காமலிருக்க அதில் குளோரினும் சேர்ப்பார்கள். நீரோடு போகும் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் எந்தச் சல்லடையும் முழுதாகத் தடுக்காது.

நான் கரைவலைக் குடும்பத்தவன். எங்கள் வாவியில் பிடிபடும் இறாலில் பெரும்பகுதி கடலில் முட்டையிலிருந்து வந்து, கண்ணுக்குத் தெரியாத பருவத்தில் மிதந்து, முகத்துவாரம் வழியே உள்ளே நுழைவது. கடலில் உறிஞ்சப்படும் நீர் வாவிக்காரரின் சோற்றையும் தொடும்.

இதே காரணத்துக்காக அமெரிக்காவில் சண்டை நடந்திருக்கிறது. 2006இல் லூசியானா ஆளுநர் கத்லீன் பிளாங்கோ, மெயின் பாஸ் என்ற கடல் முனையத்தைத் தன் அதிகாரத்தால் நிறுத்தினார். நிறுவனம் கடல்நீர் முறையைக் கைவிட்டு, எரிவாயுவில் ஒரு சிறு பங்கை எரித்துச் சூடேற்றும் மூடிய சுற்று முறைக்கு மாறியது. பிறகே அனுமதி கிடைத்தது. பொஸ்டனுக்கு அப்பால் 2008இல் தொடங்கிய முனையமும் மூடிய சுற்றுதான். அங்கே திமிங்கிலத்தின் குரலைக் கேட்கும் மிதவைகளைக் கப்பல் பாதையில் இட்டார்கள். குரல் கேட்டால், மோதாமலிருக்கக் கப்பல் 10 நொட் வேகத்துக்குக் குறைய வேண்டும். திருகோணமலைக் கடலில் நீலத்திமிங்கிலம் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மூடிய சுற்றில் கரியமிலவாயு கூடும் என்பது உண்மை. ஆனாலும் மீன் பெருகும் கடலில் அதையே கேட்பேன்.

2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்தபின், விபத்துக்குப் பிறகு கேள்வி கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாளை எங்கள் கடலுக்கு ஒரு சுற்றாடல் அறிக்கை வந்தால் நான் தேடும் பக்கங்கள் இவை: மணிக்கு எவ்வளவு நீர், எந்த ஆழத்தில்? வெளியேறும் நீர் கலக்கும் எல்லையில் வெப்ப வித்தியாசம் 3 பாகைக்குள் நிற்குமா? குளோரின் எவ்வளவு? மீன் முட்டைகளை எந்த மாதத்தில் எண்ணினார்கள்? மார்கழியில், முகத்துவாரம் திறந்திருக்கும்போது எண்ணாத கணக்கை நான் ஏற்கமாட்டேன்.