பதவியை விட்டிறங்கிய தேதி

எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் அக்டோபர் 2-ஆம் தேதித் தாள் சிவப்பில் வரும். மேலே 'காந்தி ஜெயந்தி, அரசு விடுமுறை'. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் முடிந்த பிறகு அடியில் பொடி எழுத்தில் 'காமராஜர் நினைவு நாள்'. சில வருஷம் அதன் பக்கத்தில் 'லால் பகதூர் சாஸ்திரி பிறந்த நாள்' என்றும் போட்டிருப்பார்கள். இடம் இல்லாத வருஷம் சாஸ்திரிதான் விடுபட்டுப் போவார்.

அக்டோபர் 2 என்றால் உலகத்துக்குக் காந்தி. 1869-இல் போர்பந்தரில் பிறந்தவர். 2007-இல் ஐ.நா. சபை அந்த நாளைச் சர்வதேச அகிம்சை நாளாக அறிவித்துவிட்டது. இன்னும் தேடினால் நிறைய கிடைக்கும். 1187-இல் சலாவுதீன் ஜெருசலேமைக் கைப்பற்றியது இந்தத் தேதியில். 1958-இல் கினியா பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்றதும் இதே தேதியில். வருஷத்துக்கு 365 நாள்தான், எந்த நாளைத் தொட்டாலும் நாலு பேர் பிறந்திருப்பார்கள், நாலு பேர் போயிருப்பார்கள். அதில் பெரிதாக வியக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு சேர்க்கையை மட்டும் நான் அப்படித் தள்ளிவிட மாட்டேன். 1963 அக்டோபர் 2. ஒன்பது வருஷத்துக்கும் மேல் முதலமைச்சராக இருந்த காமராஜர் பதவியை விட்டிறங்கி, பக்தவத்சலம் பொறுப்பேற்ற நாள் அது. தேர்தலில் தோற்று இறங்கவில்லை, ஊழல் புகாரில் இறங்கவில்லை, யாரும் கவிழ்க்கவும் இல்லை. கட்சி வேலை பார்க்க ஆள் வேண்டும், மூத்தவர்கள் நாற்காலியை விட்டு இறங்கி வர வேண்டும் என்று அவரே சொன்ன யோசனைக்கு அவரே முதலில் கட்டுப்பட்டார். கதர் கட்டிய ஒரு முதலமைச்சர் காந்தி பிறந்த நாளில் நாற்காலியை விட்டால் அதைத் தற்செயல் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1975-இல், அதே தேதியில் அவர் இறந்தது வேறு விஷயம். அதை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது.

அந்த யோசனையைத்தான் 'கே பிளான்' என்றார்கள். ஆறு முதலமைச்சர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் பதவி விலகினார்கள். அந்த மத்திய அமைச்சர்களில் ஒருவர் உள்துறையை வைத்திருந்த லால் பகதூர் சாஸ்திரி. 1904 அக்டோபர் 2-இல் முகல்சராயில் பிறந்தவர். காலண்டர் தாளின் அடியில் இடம் போதாமல் தவிக்கிற இரண்டு பெயர்களும் வாழ்க்கையில் இப்படி ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. 1964 மே 27-இல் நேரு மறைந்தபோது காங்கிரஸ் தலைவர் காமராஜர். அடுத்து யார் என்று எம்.பி.க்களிடமும் முதலமைச்சர்களிடமும் பேசிப் பேசி, போட்டியில்லாமல் சாஸ்திரியைப் பிரதமராக்கியவர் அவர்தான்.

சாஸ்திரிக்குப் பதவி விலகுவது புதிதும் இல்லை. அது நம் மண்ணில் நடந்த கதை. 1956 நவம்பர் 23 விடியற்காலை, அடைமழை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பாலம் சரிந்து, எஞ்சினும் பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தெற்கத்தி ஜனங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயில் அது. சாஸ்திரி அப்போது ரயில்வே மந்திரி. அதற்குச் சில மாதம் முன்பு மகபூப்நகரில் நடந்த விபத்துக்கே ராஜினாமா கொடுத்திருந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன் தமிழர் என்பதால், 'அரியலூர் அழகேசா, ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா' என்ற கோஷம் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. பெரியவர்கள் பலருக்கு இன்றைக்கும் அந்த வரி ஞாபகம் இருக்கிறது. பதவி விலகிய பெரிய மந்திரியின் பிறந்த நாளைக் கேட்டால்தான் யோசிப்பார்கள்.

சாஸ்திரியைத் தமிழர்கள் கொண்டாடாததற்குக் காரணமும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1965 மொழிப் போராட்டத்தின்போது அவர்தான் பிரதமர். தமிழ்நாடு பற்றி எரிந்தது, உயிர்கள் போயின. சி. சுப்பிரமணியமும் அதே அழகேசனும் மத்திய அமைச்சர் பதவியை விட முன்வந்த பிறகுதான், பிப்ரவரி 11 அன்று வானொலியில் பேசி, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு கொடுத்த வாக்குறுதி நிற்கும் என்றார். அது தாமதம்தான். அதற்காக அவருடைய நேர்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன். இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்கத்தான் வேண்டும்.

சரி, காந்திக்கு வருவோம். அவர் எந்த அரசுப் பதவியிலும் உட்கார்ந்ததே இல்லை. 1934-இல் காங்கிரஸின் சாதாரண உறுப்பினர் பொறுப்பைக்கூட விட்டுவிட்டார். ஆனால் அவருக்கும் காமராஜருக்கும் இடையே எல்லாம் சுமுகமாக இருந்தது என்று நினைத்தால் தப்பு. 1946-இல் காந்தி தமிழ்நாட்டுக்கு வந்துபோன பிறகு, ராஜாஜியை எதிர்ப்பது ஒரு சின்ன கோஷ்டிதான் என்று படும்படி 'ஹரிஜன்' இதழில் எழுதினார். ராஜாஜிக்கு எதிரணியில் இருந்த காமராஜருக்கு அது சுட்டது. மாகாணக் காங்கிரஸின் பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகினார். காந்தி சொன்னதற்காக வருத்தப்பட்டு விலகியவர்தான், பதினேழு வருஷம் கழித்துக் காந்தியின் பிறந்த நாளிலும் விலகுகிறார். இதை யாராவது கட்டுக்கதையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நான் இருப்பது நாகர்கோவில் பக்கம், மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். எங்கள் மாவட்டத்துக்கு அக்டோபர் 2 வேறு மாதிரியான நாள். கன்னியாகுமரி கடற்கரையில், 1948 பிப்ரவரியில் காந்தியின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்கு முன் கலசத்தை வைத்திருந்த இடத்தில், 1956-இல் காந்தி மண்டபம் எழுந்தது. காந்தி வாழ்ந்தது 79 வயது வரை, அதனால் உயரம் 79 அடி. கூரையில் ஒரு துவாரம் விட்டிருக்கிறார்கள். அக்டோபர் 2 அன்று மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் அதன் வழியாக இறங்கும் வெயில், கலசம் இருந்த பீடத்தின் மேல் விழும்.

போன வருஷம் பள்ளிப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். காலையிலேயே கூட்டம். ஒரு ஓரத்தில் சர்வோதயப் பெரியவர்கள் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டை நெருங்க நெருங்க எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீடத்தைச் சுற்றி நெருக்கினார்கள். பக்கத்துத் தரையில் கிடந்த வெளிச்சம் மெதுவாக நகர்ந்து வந்து பீடத்தில் ஏறியது. ஏறிய வேகத்தில் நகர்ந்தும் போய்விட்டது. ஒரு மேகம் வந்திருந்தால் அவ்வளவுதான், அடுத்த வருஷம்தான்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான், "டீச்சர், வேற நாள்ல வந்தா விழாதா?"

எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பிடித்திருந்தது. சூரியன் செப்டம்பர் 23 வாக்கில் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போகத் தொடங்குகிறது. அக்டோபர் 2 என்பது அதற்குப் பிறகு ஒன்பது பத்து நாள். அதே சூரியன் மார்ச் 20, 21-இல் மறுபடி நிலநடுக்கோட்டுக்கு வரும். அதற்கு ஒன்பது பத்து நாள் முன்னால், மார்ச் 11 வாக்கில், உச்சி வேளையில் அது வானத்தில் ஏறக்குறைய இதே உயரத்தில்தான் நிற்கும். அப்போதும் வெயில் அந்தத் துவாரத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். கூட்டம் இருக்காது, ராட்டை இருக்காது. அக்டோபர் 1-க்கும் 3-க்கும் வித்தியாசம் இன்னும் குறைவு, கிட்டத்தட்ட அதே இடத்தில் விழும். நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். "அப்போ மார்ச்ல வரலாமா டீச்சர்?" என்றான். வரலாம் என்று சொல்லியிருக்கிறேன். கணக்குப் போட்டுக் கல்லில் துவாரம் விட்டவர்களுக்கு அதைவிட நல்ல மரியாதை இல்லை.

காந்தி மண்டபத்துக்குப் பக்கத்திலேயே காமராஜர் மணிமண்டபம். ஒன்றிலிருந்து வெளியே வந்தவர்கள் அப்படியே அடுத்ததற்குள் நுழைவார்கள். நாகர்கோவிலுக்குள் வேப்பமூட்டில் இருக்கிற காமராஜர் சிலைக்கு அன்று கட்சி பேதம் இல்லாமல் மாலை விழும். இதற்குக் காரணம் உண்டு. 1967-இல் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றவரை, 1969 ஜனவரி இடைத்தேர்தலில் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் டெல்லிக்கு அனுப்பியது நாகர்கோவில். நேசமணி ஐயா மறைந்ததால் காலியான தொகுதி அது. 1971-இல் மறுபடியும் அனுப்பியது. 1975 அக்டோபர் 2-இல் நாடு ஒரு தலைவரை இழந்தது என்று சொல்வார்கள். எங்கள் ஊர் தன் எம்.பி.யை இழந்தது. அவரை 'அப்பச்சி' என்று அழைக்கிற வீடுகளில் அன்று அடுப்பு பற்ற வைக்கவில்லை என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த நாளின் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெருக்கடி நிலை வந்து மூன்று மாதம் தாண்டியிருந்தது. கூடவே சுதந்திரத்துக்குப் போராடியவர்கள் பலர் சிறையில். சென்னை தி. நகர், திருமலைப் பிள்ளை சாலை வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அது வாடகை வீடு. முதலமைச்சராக இருந்தவர், இரண்டு பிரதமர்களை முன்நிறுத்தியவர், கடைசி வரை சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொள்ளவில்லை. உடலைக் கிண்டியில் காந்தி மண்டபத்தின் அருகிலேயே தகனம் செய்தார்கள். கன்னியாகுமரியிலும் பக்கத்துப் பக்கம், கிண்டியிலும் பக்கத்துப் பக்கம்.

அக்டோபர் 2-ஐப் பற்றிப் பேசும்போது விட முடியாத இன்னொருவர் ராஜா ரவிவர்மா. 1906-இல் இதே தேதியில் மறைந்தார். எங்கள் பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சீமைக்காரர். 1894-இல் பம்பாயில் அச்சகம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் காகிதத்தில் அடித்து, கோயிலுக்குள் போக முடியாதவர்கள் வீட்டுச் சுவருக்கும் சாமியைக் கொண்டு வந்தவர். இன்று எந்தக் கடையில் காலண்டர் கொடுத்தாலும் அதிலிருக்கும் லட்சுமியில் அவர் கை இருக்கிறது. அந்தக் காலண்டரில் அவர் பெயருக்கு மட்டும் இடம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் இந்த நாள் ஏன் ஆழமாகப் பதியவில்லை என்றால், பெரும்பாலும் அது காலாண்டு விடுமுறையை ஒட்டி வந்துவிடுகிறது. காமராஜர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று களைகட்டும். அக்டோபர் 2-க்குப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். ஊரில் கிராம சபை கூடும், கதர்க் கடையில் தள்ளுபடி தொடங்கும், மதுக்கடை மூடியிருக்கும். இவ்வளவுதான் அவர்கள் கண்ணில் படுவது. அதனால் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் என் வகுப்பில் ஒரு பீரியட் எடுத்துக்கொள்கிறேன். இந்தியா வரைபடத்தில் போர்பந்தர், முகல்சராய், விருதுநகர் மூன்றையும் குறிக்கச் சொல்வேன். அப்புறம் அரியலூர். எதற்கு அரியலூர் என்று யாராவது கேட்பார்கள், அங்கிருந்து மருதையாற்றுப் பாலத்தின் கதையைத் தொடங்குவேன்.

பள்ளி அலுவலக அறையில் காந்தி படமும் காமராஜர் படமும் இருக்கின்றன. நடுவில் ஒரு ஆணி சும்மா கிடக்கிறது. சாஸ்திரி படம் ஒன்று மாட்டலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன், தாராளமாக மாட்டுங்கள் என்றார். படத்தைப் பிரேம் போடக் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.