நியூயார்க்கில் பொறி வைக்கும் உரிமத்துக்குப் படிக்கிறீர்களா?

நியூயார்க் மாநிலத்தில் கொயோட்டி (ஓநாயைப் போன்ற, அதைவிடச் சிறிய காட்டுநாய்), நரி, ரக்கூன் போன்ற மென்மயிர் விலங்குகளைப் பொறி வைத்துப் பிடிக்க உரிமம் வேண்டும். முதன்முறை உரிமம் எடுப்பவர்கள், மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையின் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். கட்டணம் கிடையாது. ஆனால் கையேட்டைப் படித்து, வீட்டுப்பாடத்தை முடித்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போக வேண்டும். காட்டுயிர் ஆய்வுக்காக இங்கே வரும் நம் மாணவர்களுக்கும் இந்தப் படிப்பு உதவும். கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டக் கொயோட்டிகளை உயிரோடு பிடிக்கவும், காலைக் கவ்விப் பிடிக்கும் கால்பொறி பயன்படுகிறது.

பருவகாலம், பொறியில் மாட்டும் பெயர்ச்சீட்டு போன்ற விதிகளைச் சீக்கிரம் படித்துவிடலாம். மிச்ச நேரத்தைப் பொறிக்கே கொடுங்கள். படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, ஒரு பொறியைக் கையில் வாங்கி விரித்துப் பாருங்கள்: இரண்டு தாடைகள், நடுவில் மிதிதட்டு, தட்டோடு தாடையைப் பிணைக்கும் கொக்கி, சுருள்வில், சங்கிலி. ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லத் தெரிந்தால் தேர்வில் பாதி முடிந்த மாதிரி.

பொறியின் அளவை எண்ணால் குறிப்பார்கள். நரிக்கு எண் 1.5 பொறி போதும். கொயோட்டிக்கு எண் 2 அல்லது 3. கிழக்குப் பகுதிக் கொயோட்டியிடம் ஓநாய் ரத்தம் கலந்திருக்கிறது. 15 முதல் 20 கிலோ வரை வளரும். மெல்லிய தாடை அதன் காலை அறுத்துவிடும். அதனால் தாடையின் விளிம்பு அகலமாக இருக்க வேண்டும். மூடிய பிறகும் நடுவே சிறு இடைவெளி இருப்பது நல்லது. விலங்கு சுற்றிச் சுற்றி வரும்போது சங்கிலி முறுக்கிக்கொண்டு காலைத் திருகாமல் இருக்கத்தான் சுழல் வளையங்கள். மிதிதட்டை ஏறக்குறைய 1.5 கிலோ அழுத்தத்துக்கு இறுக்கினால், அணில், முயல் மாதிரிச் சின்ன விலங்குகள் மிதித்தாலும் பொறி விழாது. ரக்கூன் சிக்கிக்கொண்ட தன் பாதத்தையே கடிக்கக்கூடியது. அதற்குக் கை மட்டும் நுழையும் குழாய்ப் பொறிதான் சரி. ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் கால்பொறிக்குத் தடை கொண்டுவந்தது. அதையொட்டி 1997இல் அமெரிக்காவோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டு, பொறிகளைக் காயத்தின் அளவை வைத்துச் சோதித்துத் தரம் பார்க்கும் வேலை இங்கே தொடங்கியது. வகுப்பில் இதை அழுத்திச் சொல்வார்கள்.

அப்புறம், பொறியைப் பதிப்பது. என் பார்வையில் முழுத் திறமையும் இங்கேதான் இருக்கிறது. சாய்வாக ஒரு குழி தோண்டி, அடியில் இரையை வைப்பார்கள். காற்று குழியிலிருந்து விலங்கு வரும் பாதைப் பக்கம் வீச வேண்டும். குழிக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி, நேர்க்கோட்டிலிருந்து சற்றே ஒதுங்கிப் பொறி. மூக்கு குழிக்குள் போகும்போது முன்னங்கால் பக்கவாட்டில்தான் ஊன்றும். தாடையின் எந்த மூலையை அழுத்தினாலும் பொறி அசையக் கூடாது. அசைந்தால் கொயோட்டி சந்தேகப்பட்டுத் தோண்டி வெளியே எறிந்துவிடும். தட்டுக்கு அடியில் மண் புகாமல் பார்த்துக்கொண்டு, சலித்த உலர்மண்ணால் மெல்லிசாக மூடுங்கள்.

மாநிலத்தின் தென்மண்டலத்தில் வைத்த பொறியை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தே ஆக வேண்டும். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முயலக் கூடாது: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் நரியைப் பொறி வைத்துப் பிடிப்பது குற்றம். இங்கேயும் யாராவது வளர்க்கும் நாய் சிக்கலாம். கழுத்தில் கண்ணி மாட்டும் நீளக் கழியால் அதை அடக்கி, இரண்டு வில்களையும் காலால் மிதித்து விடுவிக்கும் முறையை வகுப்பிலேயே கேட்டுச் செய்து பழகிக்கொள்ளுங்கள்.