ஃபியூஸ் போன கதை

2022 கோடை விடுமுறை. பழைய மடிக்கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. படம் வரைய கிரிட்டா வேண்டும் என்றாள் மகள். ஆப்இமேஜ் கோப்பாகவே கிடைக்கிறது, நிறுவும் வேலையே இல்லை, இறக்கி, இயங்க அனுமதி கொடுத்து, இரண்டு தட்டுத் தட்டினால் போதும் என்று பெருமையாகச் சொன்னேன். தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிழைச் செய்திகூட வரவில்லை.

இப்படி வாய் திறக்காத செயலியை டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் சாளரத்தில் இருந்து இயக்கிப் பார்க்க வேண்டும். அங்கே பேசிவிடும். பேசியது: லிப்ஃபியூஸ்.எஸ்ஓ.2 கோப்பை ஏற்ற முடியவில்லை, ஆப்இமேஜ் இயங்க ஃபியூஸ் தேவை.

ஆப்இமேஜ் என்பது செயலியையும் அதற்கு வேண்டியவற்றையும் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை. இயங்கத் தொடங்கும்போது அது தன்னையே ஒரு வட்டு மாதிரி டிஎம்பி என்ற தற்காலிக அடைவுக்குள் மவுன்ட் செய்துகொள்ளும், அதாவது இணைத்துக்கொள்ளும். ரூட் அதிகாரம் (முழு நிர்வாக உரிமை) இல்லாத பயனருக்கும் அதற்கு வழி விடுவதுதான் ஃபியூஸ். இதில் 2, 3 என்று இரண்டு தலைமுறைகள். 22.04 மேசைத்தளம் (டெஸ்க்டாப்) 3-ஐ வைத்து ஓடுகிறது. 2-க்கான நூலகம், அதாவது செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பான லிப்ஃபியூஸ்2, உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தில் உண்டு, ஆனால் தானாக நிறுவப்படுவதில்லை.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு என் கண்ணில் பட்டது ‘ஃபியூஸ்’ என்ற ஒரு சொல்தான். சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபியூஸ் என்று அடித்தேன். சூடோ நிர்வாக உரிமை தரும், ஆப்ட் மென்பொருள் பொதிகளை நிறுவும், நீக்கும். நீளமாக ஒரு பட்டியல் ஓடியது. அதில் ‘நீக்கப்படும்’ என்று ஒரு தலைப்பும் இருந்தது. பக்கத்தில் மகள் நிற்கிறாள். ஒய் தட்டி என்டர்.

கிரிட்டா திறந்துகொண்டது! சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒரு யானை வரைந்தாள். கணினியை அணைத்துவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் காலை வெறும் கறுப்புத் திரை. லாகின் பக்கமே வரவில்லை. வட்டு போய்விட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் எழுத்துத் திரை வந்தது, கடவுச்சொல்லையும் ஏற்றது. ஹோம் அடைவில் யானை பத்திரமாக இருந்தது. சரி, உயிர் இருக்கிறது.

என்ன செய்து தொலைத்தோம் என்று பார்க்க வார் அடைவுக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அதில் ஹிஸ்டரி.லாக் கோப்பைத் திறந்தேன். ஆப்ட் நாள், நேரம் போட்டுக் கணக்கு எழுதி வைக்கும் இடம் அது. முந்தைய நாள் பதிவில் நிறுவியவை ஃபியூஸ், லிப்ஃபியூஸ்2. நீக்கியவை ஃபியூஸ்3, எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல், உபுண்டு-டெஸ்க்டாப் என்று போய்க்கொண்டே இருந்தன. ஒய் என்று சொன்னது நான்தான்.

நூலகங்களான லிப்ஃபியூஸ்2-உம் லிப்ஃபியூஸ்3-உம் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். கருவிப் பொதிகளான ஃபியூஸும் ஃபியூஸ்3-உம் சேர்ந்து இருக்க முடியாது. ஒன்று வந்தால் மற்றது வெளியேற வேண்டும், அதை நம்பி இருப்பவையும் பின்னாலேயே போகும். பிழைச் செய்தி ‘லிப்’ என்று சரியாகத்தான் சொல்லியிருந்தது. அந்த ஓர் அசையை நான் விழுங்கியதில் மேசைத்தளமே போனது.

எழுத்துத் திரையில் வைஃபையோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லை. போனை யூஎஸ்பி கம்பியில் மாட்டி இணையத்தைப் பகிர்ந்துகொண்டு, ஃபியூஸ்3, உபுண்டு-டெஸ்க்டாப் இரண்டையும் திரும்ப நிறுவினேன். போன பொதிகளெல்லாம் வரிசையாக இறங்கின. அப்புறம் லிப்ஃபியூஸ்2-ஐத் தனியாக ஒருமுறை நிறுவச் சொன்னேன். அது ஏற்கெனவே இருந்ததுதான். ஆனால் ஃபியூஸோடு துணைக்கு வந்தது என்பதால், பின்னொரு நாள், தேவையற்ற துணைப் பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளை கொடுத்தால் அதையும் துடைத்துவிடும். பெயர் சொல்லிக் கேட்டு நிறுவினால் தொடாது. மறுதொடக்கம் செய்ததும் லாகின் பக்கம் வந்தது, கிரிட்டாவும் ஓடியது.

பிறகு 24.04-க்கு மாறியபோது இதே நூலகத்தின் பெயர் லிப்ஃபியூஸ்2டி64 ஆகியிருந்தது. 32 பிட்டில் நேரத்தை எண்ணும் கணினிகளுக்கு 2038 ஜனவரி 19-இல் எண்ணிக்கை நிரம்பிவிடும். அதைத் தாண்டுவதற்காக 64 பிட் நேரத்துக்கு மாறிய நூலகங்களுக்கு டி64 என்ற இந்த வால். இந்தத் தடவை முதலில் நிறுவும் கட்டளையோடு சிமுலேட் என்று சேர்த்து ஒத்திகை பார்த்தேன். பட்டியலைக் கடைசி வரி வரை படித்தேன். நீக்கப்படுபவை: 0.