முள்ளுக்கத்திரியில் காய் பிடித்தது

காய் பிடித்துவிட்டது! சத்துவாச்சாரி மொட்டை மாடியில், நானே எடுத்த விதையில் முளைத்த இலவம்பாடி முள்ளுக்கத்திரிச் செடியில், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு காய் திரண்டிருக்கிறது. போன கோடை முழுக்கப் பூத்துப் பூத்துக் கொட்டிய ரகம் இது. வேலூர் வெயிலைத் தாங்கி, ஆடி மழையில் துளிர்த்து, இப்போதுதான் மனம் இறங்கியிருக்கிறது.

மண் கலவை, பை அளவு, பஞ்சகவ்யம் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. மாடித் தோட்டக்காரர்களுக்கு அது மனப்பாடம். பூவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கத்திரிப்பூ தலை கவிழ்ந்து தொங்கும். குனிந்து அண்ணாந்து பார்த்தால், நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாகச் சேர்ந்திருப்பது தெரியும். கூம்பின் நுனியைத் தாண்டிப் மகரந்தத்தை வாங்கும் பச்சைச் சூலகமுடி வெளியே நீண்டிருந்தால் அது நெட்டைப் பூ, காய் பிடிக்கும். நுனிக்குச் சமமாக நின்றாலும் நம்பிக்கை வைக்கலாம். உள்ளேயே ஒளிந்திருந்தால் குட்டைப் பூ. என்ன செய்தாலும் உதிர்ந்துவிடும். கொத்தின் அடியில் தனியாக, பெரிதாக நிற்கும் பூதான் பெரும்பாலும் நெட்டை. வெயிலிலும் பசியிலும் செடி வாடினால் குட்டைப் பூக்கள் பெருகும். ஆகவே பூ கொட்டுகிறதே என்று பதறுவதற்கு முன் எந்தப் பூ கொட்டுகிறது என்று பாருங்கள்.

அடுத்தது மகரந்தம். அது பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். உப்பு டப்பாவைக் கவிழ்த்து உலுக்குவதுபோல் பூவை அதிரவைக்க வேண்டும். நம் வீட்டுத் தேனீக்களுக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டுக்குத் தெரியும். பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கைத் தசைகளை அதிரவைத்து 'ஙொய்' என்று ஒரு சத்தம் போடும், தூள் கொட்டும். எங்கள் தெருவில் கருவண்டு அபூர்வம். அதனால் பேட்டரியில் ஓடும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்தேன்.

எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இதழில் வைத்தால் கிழியும், கூம்பில் வைத்தால் நசுங்கும். பூவின் காம்பில், பூவைத் தாங்கும் பச்சைப் புல்லி வட்டத்துக்குச் சற்று மேலே, பிரஷ்ஷின் முதுகை ஒட்டி இரண்டு விநாடி பிடித்தால் போதும். கீழே கறுப்பு அட்டை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தூள் மெல்லிய கோடாக விழுந்தால் வேலை நடந்திருக்கிறது. மழை ஈரம் இருந்தால் தூள் விழாது; வெயில் கொஞ்சம் ஏறட்டும். முள்தான் பெரிய தொல்லை. தண்டு, இலை நரம்பு, காம்பு என்று எங்கே தொட்டாலும் குத்துகிறது. துணி மாட்டும் கிளிப்பால் கிளையைப் பிடித்துக்கொள்கிறேன்.

பிறகு மூன்று, நான்கு நாள் காத்திருக்க வேண்டும். கணுவில் காம்பு மஞ்சளானால் பூ விழப் போகிறது. பச்சையாகத் தடித்தால் ஜெயித்துவிட்டோம்.

இந்த மூன்று நாள்தான் எனக்கு எல்லாவற்றிலும் இனிக்கிறது. 1987இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற பொருளாதார அறிஞர் ஓர் ஆய்வு வெளியிட்டார். மனத்துக்குப் பிடித்த திரை நட்சத்திரத்தின் முத்தத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டார். உடனே, 3 மணி நேரம் கழித்து, ஒரு நாள், 3 நாள், ஒரு வருடம், 10 வருடம் கழித்து என ஒவ்வொன்றுக்கும் விலை சொல்லச் சொன்னார். 3 நாள் கழித்துக் கிடைப்பதற்கே அதிக விலை வைத்தார்கள். படித்ததும் என் கத்திரிச் செடிதான் நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் கண் விழித்தவுடன் ராணிப்பேட்டை பஸ்ஸும் தொழிற்சாலைக் கணக்கும்தான் மனத்தில் வந்து உட்காரும். இப்போது மாடிப்படிதான். காம்பு பச்சையா மஞ்சளா என்று பார்த்துவிட்டுப் பஸ் ஏறினால் அன்றைய நாள் லேசாக இருக்கிறது. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக் கழற்றுவதற்கு முன்பே, "அப்பா, நாளைக்கு எந்தப் பூ?" என்கிறாள்.

அதனால் விதைக்கும் முறையையே மாற்றிவிட்டேன். எல்லாப் பையிலும் ஒரே நாளில் விதைப்பதில்லை. ஒன்றில் முளை, ஒன்றில் மொக்கு, ஒன்றில் காய் என்று இடைவெளி விட்டு வைக்கிறேன். எந்த வாரத்திலும் எதிர்பார்க்க ஏதாவது ஒன்று இருக்கும்.

விதை பற்றி ஒரு வார்த்தை. 2023இல் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி எதையும் விற்கிறார்கள். ஒரு கடையில் வாங்கிய பாக்கெட்டில் முள்ளே இல்லாத செடி முளைத்தது, வயிறு எரிந்தது. கடைசியில் நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடிக் காய் விற்கும் பெரியம்மாதான் பழுத்த காய் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். "காசு வேண்டாம் தம்பி, முளைத்ததும் வந்து சொல்" என்றார். சொல்லிவிட்டேன். காய் பிடித்ததையும் சொல்ல வேண்டும்.

தண்டுத் துளைப்பான் புழு ஒரு நுனியை வாட்டியிருக்கிறது, வெட்டி எறிந்துவிட்டேன். அதன் ஆண் பூச்சிகளை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி பற்றி விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கப் போகிறேன். கருவண்டு கூடு கட்ட மாடி மூலையில் காய்ந்த மூங்கில் துண்டுகளைக் கட்டித் தொங்கவிடும் யோசனையும் இருக்கிறது.

ஆம்பூரில் இருக்கும் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி செய்து எடுத்து வருகிறாராம். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்த் தொக்கு என் செடியிலிருந்துதான் வர வேண்டுமாம். ஒரு காயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அரைக் கிலோவாவது வேண்டும். பிரஷ்ஷுக்குப் புது பேட்டரி வாங்கி வைத்துவிட்டேன்.