கணக்குச் சுருளில் ‘விற்றது’ என்று இருந்தால்

நிலப்பிரபுத்துவம் எப்படி முதலாளித்துவத்துக்கு இடம் விட்டது என்ற விவாதத்தை நடத்த முதுகலை வகுப்பில் பத்து மணி நேரம் கிடைத்தால், வழக்கமாக அதில் ஏழு மணி பெயர்களுக்கே போய்விடும். 1946 இல் மோரிஸ் டாப் எழுதிய நூல், 1950 இல் பால் ஸ்வீஸியின் மறுப்பு, 1952 இல் தகஹாஷி, பிறகு ராட்னி ஹில்டன், கிறிஸ்டபர் ஹில், 1976 இல் ராபர்ட் பிரென்னர். தேர்வில் மாணவர் “டாப் உட்காரணம் என்றார், ஸ்வீஸி வெளிக்காரணம் என்றார்” என்று எழுதுவார். மதிப்பெண்ணும் விழும். எதற்குக் காரணம் என்று ஒரு கேள்வி கேட்டால் முழிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. கணக்கைக் காட்டாமல் கணக்குத் தகராறை மட்டும் சொல்லிக்கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

வரிசையைத் திருப்பிப் போடுவது நல்லது. முதல் நான்கு வகுப்புகளில் அறிஞர் பெயரே வேண்டாம். ஒரு குடியானவர், ஒரு பண்ணை, ஒரு கணக்குச் சுருள், ஒரு நிலப் பதிவு போதும்.

அதற்கும் முன்னால் சொற்களைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ‘நிலமானிய முறை’ என்று எழுதினால், அரசர் கோயிலுக்கோ படைத்தலைவருக்கோ விட்ட நிலம்தான் நம்மவர் நினைவுக்கு வரும். இந்த விவாதமோ பிரபுவுக்கும் உழுபவருக்கும் இடையில் நடந்ததைப் பற்றியது. அதனால் நிலப்பிரபுத்துவம் என்ற சொல்லே இங்கே பொருந்தும். பிரபு தன் நேரடிப் பொறுப்பில் வைத்துப் பயிரிட்ட நிலத்துக்கு ‘பண்ணை’ என்ற நம் சொல் அச்சாகப் பொருந்துகிறது. குடியானவர் நிலங்களும் சேர்ந்த பிரபுவின் முழு ஆளுகைக்கும் (‘மேனர்’) இங்கே அதே சொல்தான். கட்டுப்பட்ட குடியானவருக்கு இங்கிலாந்தில் ‘வில்லீன்’ என்று பெயர். நம் சினிமாவில் கதாநாயகனிடம் அடி வாங்கும் வில்லனும் அதே வேரில் பிறந்தவர்தான். கிராமத்து உழவரைக் குறித்த சொல் எப்படிக் கெட்டவனுக்குப் பெயரானது என்பதிலேயே பாதிப் பாடம் இருக்கிறது.

இனி கரும்பலகைக் கணக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் முழுப் பங்கு வைத்திருந்த குடியானவருக்குச் சுமார் 30 ஏக்கர். அரைப் பங்குக்காரருக்கு 15. அதைவிடக் குறைவாக வைத்திருந்தவர்கள் ஏராளம். அரைப் பங்கையே எடுத்துக்கொள்வோம். மூன்று வயல் சுழற்சியில் 5 ஏக்கர் தரிசு, 10 ஏக்கரில் விதைப்பு. ஏக்கருக்கு 2 புஷல் (அந்நாட்டுத் தானிய அளவு) விதை, நான்கு மடங்கு விளைச்சல் என்று வைத்தால் 80 புஷல். தேவாலயத்தின் பத்தில் ஒரு பங்கு 8, மறு ஆண்டு விதைக்கு 20. மிச்சம் 52. ஆளுக்கு ஆண்டுக்கு 8 புஷல் என்று ஐந்து பேர் குடும்பத்துக்கு 40 போனால் கையில் 12. பிரபுவுக்கான பண வாடகை, அவருடைய ஆலையிலேயே அரைத்தாக வேண்டிய மாவுக்கான கூலி, உப்பு, ஏர்க்கொழுவுக்கு இரும்பு எல்லாம் அந்த 12 புஷலுக்குள்தான். மழை கெட்டு விளைச்சல் மூன்று மடங்காக இறங்கினால் 60 புஷல். அதில் 6 போய், விதைக்கு 20 போய், மிச்சம் 34. சாப்பாட்டுக்கே காணாது. 1315 முதல் 1317 வரை வந்த பஞ்சத்தில் விளைச்சல் இதைவிடவும் கீழே போன ஊர்கள் உண்டு.

இங்கே எல்லாரும் ஒரே இடத்தில்தான் தவறுவார்கள். விதையைக் கழித்துவிட்டுப் பத்தில் ஒன்றைக் கணக்கிடுவார்கள். தேவாலயம் வயலிலேயே, மொத்தக் கதிரில் பங்கு எடுத்துவிடும். தவறினால் வித்தியாசம் 2 புஷல்தான், ஆனால் 12 புஷல் மிச்சத்தில் 2 என்பது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது கணக்குச் சுருள். வின்செஸ்டர் ஆயரின் பண்ணைகளுக்கு 1208–09 முதல் இப்படிப்பட்ட சுருள்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. தோல் ஏடுகள், லத்தீன் மொழி, ஒவ்வொரு பண்ணைக்கும் செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாளில் தொடங்கி அதே நாளில் முடியும் ஓராண்டுக் கணக்கு. பண்ணைகளில் பொதுவாகக் கணக்கு ஒப்பித்தவர் ‘ரீவ்’. பெரும்பாலும் அவரும் ஒரு வில்லீன்தான். பண வரவும் செலவும் முதலில் வரும்: பழைய பாக்கி, வாடகை, தானியம் விற்றது, கால்நடை விற்றது, பண்ணை நீதிமன்ற வருமானம், பிறகு ஏர், வண்டி, கட்டடம், கூலி. அடுத்து, பல பண்ணைகளில் ஏட்டின் பின்புறத்தில், தானியக் கணக்கு, கால்நடைக் கணக்கு, குடியானவர்கள் செய்ய வேண்டிய வேலை நாள்களின் கணக்கு. பண்ணைக்கு லாபமா நட்டமா என்று பார்க்க எழுதியது அல்ல இது. ரீவ் பிரபுவுக்கு இன்னும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பதற்காக எழுதியது. இதை மறந்து நவீன வரவு செலவுக் கணக்குபோல் வாசித்தால் ஒவ்வொரு எண்ணும் ஏமாற்றும்.

எண்களிலும் கண்ணிகள் உண்டு. ரோமன் நான்கின் தலைக்குமேல் சிறிதாக இரண்டு எக்ஸ் இருந்தால் அது நான்கு இருபது, அதாவது 80. முட்டை போன்ற சில பொருள்களில் ‘நூறு’ என்றால் 120. மன்னர் ஆட்சியாண்டைக் கிறிஸ்து ஆண்டாக மாற்றும்போது ஒன்று பிசகும்: மூன்றாம் எட்வர்டு பதவியேற்றது 1327 ஜனவரி 25 என்பதால் 22ஆம் ஆட்சியாண்டு 1349 அல்ல, 1348 ஜனவரி 25 இல் தொடங்குகிறது. ‘கறுப்புச் சாவு’ எனப்படும் கொள்ளைநோயின் காலத்தைப் படிக்கையில் அந்த ஓராண்டுப் பிசகு கதையையே கெடுத்துவிடும்.

ஆனால் விவாதத்தின் வாசல் ‘விற்றது’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. சுருளில் அது மூன்று விதமாக வரும். தானியம் விற்றது என்றால் சந்தையில் விற்றது. அதில் சிக்கல் இல்லை. ‘வேலை விற்றது’ என்பது வேறு. ஒரு வில்லீன் பண்ணையில் வந்து செய்ய வேண்டிய நாள் வேலையைப் பிரபு அந்த ஆண்டுக்கு வேண்டாம் என்று விட்டு, பதிலுக்கு அவரிடமே காசு வாங்கிக்கொள்வது. தன் உழைப்பையே குடியானவர் பிரபுவிடமிருந்து விலைக்கு வாங்குகிறார்! கடமை ஒழிந்துவிடவில்லை, அடுத்த ஆண்டு பிரபு மனம் மாறினால் திரும்பவும் ஏருடன் வர வேண்டும். மூன்றாவது, ‘கணக்கின்மேல் விற்றது’. இதில் விற்பனையே கிடையாது. இத்தனை விதைக்கு இவ்வளவு விளைந்திருக்க வேண்டும், குறைகிறதே என்று தணிக்கையாளர்கள் அந்தக் குறைவை ரீவ் தலையில் விலையாகக் கட்டுவது. மூன்றையும் கூட்டி ‘வணிக வருமானம்’ என்று ஒரே வரியில் போட்டால், சந்தை இருந்ததைவிடப் பெரிதாகத் தெரியும்.

இதைக் கையால் ஒருமுறை கூட்டிப் பார்த்தவர்களிடம் டாப்–ஸ்வீஸி சண்டையைச் சொன்னால் அரை மணியில் விளங்கிவிடும். ஸ்வீஸிக்கு நிலப்பிரபுத்துவம் என்பது பயன்பாட்டுக்கான உற்பத்தி. தொலைதூர வணிகமும் நகரங்களும் வெளியிலிருந்து வந்து அதைக் கரைத்தன. டாப்புக்கு அது பண்ணையடிமை முறைதான். பிரபுக்களின் பணத்தேவை பெருகப் பெருகக் குடியானவர்கள்மேல் அழுத்தம் ஏறியது, அவர்கள் ஓடினார்கள், எதிர்த்தார்கள், முறை உள்ளிருந்தே நொறுங்கியது. வணிகம் கரைப்பான் என்றால், லண்டன் சந்தைக்கு அருகிலிருந்த தென்கிழக்கில் கட்டாய வேலை முதலில் மறைந்திருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் அது நெடுநாள் நின்றது, தூரத்து வடக்கிலும் மேற்கிலும் முன்னதாகவே தளர்ந்தது என்று டாப் காட்டினார். ஜெர்மனியின் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே இன்னும் மோசம். டான்சிக் துறைமுகம் வழியாக ஆம்ஸ்டர்டாமுக்குத் தானியம் போகப் போக, உழவர்களின் கட்டு இறுகியது. போலந்தில் 1520 இல் வாரத்துக்கு ஒரு நாள் கட்டாய வேலை என்பது குறைந்தபட்ச அளவாகச் சட்டமானது. பிறகு நாள்கள் ஏறின. வணிகம் மட்டும் போதும் என்ற வாதம் இதன்பின் எழுந்து நிற்பது கடினம் என்றே சொல்ல வேண்டும்.

ஆனாலும் ஸ்வீஸி கேட்ட ஒரு கேள்வி இன்னும் குத்துகிறது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் பண்ணையடிமை முறை இங்கிலாந்தில் ஏறக்குறைய செத்துவிட்டது. முதலாளித்துவம் பதினாறாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் தலைகாட்டுகிறது. நடுவில் கிடக்கும் இருநூறு ஆண்டுக்கு என்ன பெயர்? முதலாளித்துவத்துக்கு முந்திய சரக்கு உற்பத்தி என்றார் ஸ்வீஸி. ஆளும் வர்க்கம் மாறவில்லை, ஆகவே அது இன்னும் நிலப்பிரபுத்துவமே என்றார் டாப். டாப்பின் இந்தப் பதில் தப்பித்தல் மாதிரிதான் இருக்கிறது.

கொள்ளைநோய்க்கு வரலாம். 1348 கோடையில் அது தென்கரையில் இறங்கியது. 1348–49 சுருளை எடுத்தால் பல பண்ணைகளில் வருமானம் ஏறியிருக்கும். நோயால் பாதிப்பில்லை என்று எழுதிவிடுவார்கள் சிலர். நடந்தது நேர் எதிர். குடியானவர் இறந்தால் அவருடைய சிறந்த கால்நடை பிரபுவுக்குப் போகும், வாரிசு நிலத்தில் நுழையக் கட்டணம் கட்ட வேண்டும். சாவு பெருகியதால் இரண்டும் பெருகின. கால்நடைக் கணக்கைப் பார்த்தால் அந்த ஆண்டு எத்தனை மாடுகள் இப்படி வந்து சேர்ந்தன என்று தெரியும். 40 ஷில்லிங் பெறும் குதிரை 6 ஷில்லிங் 8 பென்சுக்குப் போனதாக அக்காலக் குறிப்பாசிரியர் ஹென்றி நைட்டன் எழுதியிருக்கிறார். நட்டம் அடுத்தடுத்த சுருள்களில் வரும்: ஆளில்லாமல் வராத வாடகை, ஏறிய கூலி. கூலியைப் பழைய நிலைக்கு இறக்க 1349 இல் ஆணை, 1351 இல் சட்டம், 1381 இல் உழவர் கிளர்ச்சி.

மக்கள் தொகை குறைந்தால் உழவர் கை ஓங்கும், கூடினால் தாழும் என்பது வரலாற்றாளர் மைக்கேல் போஸ்டன் வழி. பிரென்னர் கேட்டது எளிய கேள்வி: ஒரே நோய், ஒரே மாதிரியான ஆள் குறைவு, இங்கிலாந்தில் பெருங்குத்தகைதாரர்கள், பிரான்சில் சிறு நில உழவர்கள், எல்பேக்குக் கிழக்கே இரண்டாம் பண்ணையடிமை முறை என்று மூன்று முடிவுகள் வந்தது ஏன்? அந்தந்த இடத்தில் பிரபுக்களும் உழவர்களும் மோதியதில் யார் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதே அவர் விடை. ஆங்கிலேய உழவர் விடுதலை பெற்றார், நிலத்தைப் பெறவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் முடிவில் விளைநிலத்தில் 70–75 விழுக்காடு பிரபுக்கள் கையில் என்பது அவர் தரும் அளவு. நிலத்துக்குச் சந்தை வாடகை கொடுக்க வேண்டியவர் விளைச்சலைக் கூட்டியே ஆக வேண்டும், இல்லையேல் அடுத்தவர் வந்துவிடுவார். அந்த நெருக்கடியிலிருந்துதான் முதலாளித்துவம் என்கிறார்.

இது நிற்குமா விழுமா என்பது ஒரு பதிவு வாசகத்தைப் பொறுத்தது. குடியானவர் இறந்ததும் பண்ணை நீதிமன்றத்தில் அந்தச் சாவு அறிவிக்கப்படும். கொடுக்க வேண்டிய கால்நடை குறிக்கப்படும். வாரிசு வந்து நிற்பார். நிலம் ஒரு கோல் மூலம் கையளிக்கப்படும், கட்டணம் விதிக்கப்படும், விசுவாச உறுதிமொழி எடுப்பார், எழுத்தர் பதிவின் நகலை எழுதிக் கொடுப்பார். அந்த நகல்தான் அவர் பத்திரம். ‘காப்பிஹோல்டு’ என்ற பெயரே அதனால் வந்தது. அதில் நிலம் “பிரபுவின் விருப்பப்படி, பண்ணையின் வழக்கப்படி” கொடுக்கப்பட்டதாக இருக்கும். விருப்பம், வழக்கம் இரண்டும் ஒரே மூச்சில்! கட்டணம் வழக்கப்படி மாறாதது என்றால், பதினாறாம் நூற்றாண்டின் விலையேற்றத்தில் அது ஒன்றுமில்லாமல் தேய்ந்து, உழவர் கிட்டத்தட்ட சொந்தக்காரர் ஆகிவிடுவார். பிரபு விரும்பியபடி ஏற்றலாம் என்றால் வாரிசை வெளியேற்ற அதுவே போதும். பிரென்னர் இரண்டாவதை அழுத்தினார். பட்ரீசியா க்ரூட்டும் டேவிட் பார்க்கரும் 1978 இல் முதலாவதை அழுத்தினார்கள்: ஆங்கிலேய உழவர் அவ்வளவு பாதுகாப்பற்றவர் அல்ல, விளைச்சலை உயர்த்தியதில் சிறு உழவர் பங்கும் பெரிது. பண்ணைக்குப் பண்ணை வழக்கம் மாறியதால் இருவருக்குமே சான்று கிடைக்கும். ஒரு பண்ணையை வைத்து நாட்டுக்கே தீர்ப்பு எழுதுவது இந்தத் துறையின் பழைய நோய். காப்பிஹோல்டு சட்டப்படி ஒழிந்தது 1926 ஜனவரி 1 அன்றுதான் என்று சொன்னால் வகுப்பு நம்பாது.

நம் ஊரில் நிலப்பிரபுத்துவம் இருந்ததா என்ற கேள்வி எப்படியும் வரும். வரலாற்றாளர்களில் 1965 இல் ஆர்.எஸ். சர்மா உண்டு என்றதும், 1981 இல் ஹர்பன்ஸ் முகியா இல்லை என்றதும் தனி விவாதம்; அதை இங்கே நுழைத்தால் இரண்டும் கெடும். ஒரு எச்சரிக்கை போதும். சோழர் கல்வெட்டில் வரும் ‘வெட்டி’, கூலியில்லாக் கட்டாய உழைப்பு. அதை எடுத்து இங்கிலாந்தின் ‘வார வேலை’க்கு, அதாவது வில்லீன் வாரந்தோறும் செய்ய வேண்டிய கட்டாய வேலைக்கு, மொழிபெயர்ப்பாகப் போடத் தோன்றும். வார வேலை ஒரு தனிப் பிரபுவின் பண்ணைக்கு. வெட்டியை எல்லா இடத்திலும் அப்படிச் சொல்ல முடியாது.

தேர்வுக்கு “ஆராய்க” என்று கேட்பதைவிட, “வேலை விற்றது, 6 நாள், 6 பென்ஸ்” என்ற மாதிரி வரியைக் கொடுத்து, விற்றவர் யார், வாங்கியவர் யார், இதை டாப்பும் ஸ்வீஸியும் எப்படி வாசிப்பார்கள் என்று கேட்கலாம். விடை ஒரு பக்கத்தைத் தாண்டாது. திருத்தத்தான் நேரம் பிடிக்கும்.