இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஒரு பாரிஷ் கவுன்சிலில்

இந்தியப் பாஸ்போர்ட்டை மாற்றாமலேயே இங்கிலாந்தில் கவுன்சிலர் ஆகலாம். பல வருடமாக இங்கேயே இருக்கும் நம் ஆட்கள் நிறைய பேருக்கு இது தெரிவதில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமகனாக இருந்து, ஐஎல்ஆர் என்று நாம் சொல்கிற காலவரையற்ற தங்கும் அனுமதி கையில் இருந்தால் போதும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடந்த 12 மாதமும் அந்த ஊரிலோ அதிலிருந்து மூன்று மைலுக்குள்ளோ குடியிருந்திருந்தாலும் போதும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த்தில் இருப்பதால் இங்கே வாழும் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கதவு திறந்தேதான் இருக்கிறது. நான் அதன் வழியாக உள்ளே போன கதையைச் சொல்கிறேன். யாருக்காவது உபயோகப்படலாம்.

நான் இருப்பது கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் கவுண்டியில், நாரிச் நகருக்கு மேற்கே ஒரு சின்ன கிராமம். பழைய தேவாலயம், தொடக்கப் பள்ளி, ஒரு பப், ஒரு வில்லேஜ் ஹால். மூன்று அடுக்கு நிர்வாகம். சாலை, பள்ளி, நூலகம் எல்லாம் கவுண்டி கவுன்சில். குப்பை அள்ளுவது, கட்டட அனுமதி, கவுன்சில் டேக்ஸ் என்கிற வீட்டு வரி வசூல் எல்லாம் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். இந்த இரண்டுக்கும் கீழே, ஊர் அளவில் இருப்பது பாரிஷ் கவுன்சில். பெயரைப் பார்த்து சர்ச் சம்பந்தப்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 1894ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஊர் நிர்வாகத்தைச் சர்ச்சிலிருந்து பிரித்துவிட்டார்கள். இங்கிலாந்து முழுக்க இப்படிச் சுமார் 10,000 கவுன்சில்கள் இருக்கின்றன.

எங்கள் ஊர் பஸ் நிழற்குடைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று உண்டு. யோகா வகுப்பு, காணாமல் போன பூனை, இவற்றுக்கு நடுவில் ஒரு நாள் 'காலியிட அறிவிப்பு' என்று ஒரு தாள். ஒரு உறுப்பினர் ஊரை விட்டுப் போய்விட்டார். பதினான்கு வேலை நாளுக்குள் ஊர் வாக்காளர்கள் பத்துப் பேர் எழுதிக் கேட்டால் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும். யாரும் கேட்காவிட்டால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். இதைத்தான் கோ-ஆப்ஷன் என்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. இடைத்தேர்தல் செலவு பாரிஷ் தலையில்தான் விடியும் என்று எல்லோருக்கும் தெரியும். சின்ன ஊர்களில் தேர்தலில் ஜெயித்து வந்தவர்களைவிட இப்படி உள்ளே வந்தவர்களே அதிகமாக இருப்பது சகஜம்.

விண்ணப்பிப்பதற்கு முன்னால் ஒரு கூட்டத்தைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை; கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். 1960இல் அந்தச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அப்போது புதிதாக எம்பி ஆகியிருந்த மார்கரெட் தாட்சர். இதைப் பிற்பாடுதான் படித்தேன். தாட்சர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் என் சக ஊழியரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆனால் உள்ளே உட்காரும் உரிமை வேறு, பேசும் உரிமை வேறு. ஆரம்பத்தில் பொதுமக்களுக்கென்று ஒரு கால் மணி நேரம் ஒதுக்குவார்கள். அது முடிந்தால் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியதுதான்.

ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊரின் ஜூம் கூட்டம் 2021 பிப்ரவரியில் உலகம் முழுக்க வைரலானதே, கூச்சலும் குழப்பமுமாக, அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இங்கே நாய்க் கழிவுத் தொட்டியை எங்கே வைப்பது என்று அரை மணி நேரம் மரியாதையாகப் பேசுவார்கள். ஜூமும் இப்போது கிடையாது. கொரோனாவுக்காகக் கொடுத்த அனுமதி 2021 மே மாதத்தோடு காலாவதியாகிவிட்டது; நேரில் வந்தால்தான் ஓட்டு. வேறு இடம் நியாயமான செலவில் கிடைக்காவிட்டால் ஒழிய, மது விற்கும் இடத்தில் கூட்டம் நடத்தக் கூடாது என்றும் விதி இருக்கிறது. கூட்டம் முடிந்த கையோடு எல்லோரும் பப்புக்குப் போவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

கவுன்சிலின் அலுவல்களைக் கவனிக்கும் கிளார்க்குக்கு ஒரு பக்கத்தில் என்னைப் பற்றி எழுதி அனுப்பினேன். அடுத்த மாதக் கூட்டத்தில் நேர்காணல் மாதிரி சில கேள்விகள். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள், மாதம் ஒரு மாலை ஒதுக்க முடியுமா, எதில் ஆர்வம். பிறந்த நாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 'சாலையில் கார்கள் பறக்கின்றன, அதைப் பற்றி ஏதாவது செய்ய ஆசை' என்றேன். மேஜையைச் சுற்றி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பின் அர்த்தம் சில மாதம் கழித்துத்தான் புரிந்தது. கை தூக்கி ஓட்டு. ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும், வந்தது. கிளார்க் ஒரு தாளை நீட்டினார். பதவி ஏற்பு உறுதிமொழி. அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பார்வையாளர் நாற்காலியிலிருந்து எழுந்து மேஜைக்குப் போக முடிந்தது.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "கவுன்சிலர்னா கார் குடுப்பாங்களா?" என்று கேட்டார். கார் கிடையாது, சம்பளமும் கிடையாது. சில பாரிஷ்களில் சிறு படி உண்டு. அதுவும் தேர்தலில் ஜெயித்து வந்தவர்களுக்குத்தான், என்னைப் போல் சேர்க்கப்பட்டவர்களுக்கு இல்லை. "அப்ப எதுக்குப்பா?" என்றார். அதற்கு நான் சொன்ன பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை.

கொஞ்சம் யோசிக்க வைத்தது நலன் விவரப் படிவம். பதவி ஏற்று 28 நாளுக்குள் கொடுக்க வேண்டும். வேலை எங்கே, ஊருக்குள் சொத்து என்ன, கவுன்சிலோடு ஒப்பந்தம் ஏதும் உண்டா, எல்லாமே. உங்களுடையது மட்டுமல்ல, மனைவியுடையதும். அது டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் போய் உட்காரும். சொந்த வீடு ஊருக்குள் இருந்தால் அதுவும் சொத்துதான், ஆக முகவரியும் வெளியே தெரியும். என் மனைவி இதைக் கேட்டதும் "வேலியில் போகிற ஓணானை..." என்று ஆரம்பித்தாள். மிரட்டலுக்கோ வன்முறைக்கோ இடமிருக்கிறது என்று டிஸ்ட்ரிக்டின் கண்காணிப்பு அதிகாரி ஒப்புக்கொண்டால் விவரத்தை மறைத்து வைக்கலாம். எங்களுக்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை என்பதால் கொடுத்துவிட்டோம். தகுந்த காரணம் இல்லாமல் கொடுக்காமல் விட்டாலோ பொய் சொன்னாலோ 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அபராதம். வாடகைக்கு விட்ட வீடு, சொந்தத் தொழில் எல்லாம் இருப்பவர்கள் முதலிலேயே அந்தப் படிவத்தை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உள்ளே போனதும் முதலில் பழக வேண்டியது நிகழ்ச்சி நிரல். கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாள் முன்பே அது வெளியாக வேண்டும். கொடுக்கும் நாள், கூட்டம் நடக்கும் நாள், ஞாயிறு, பொது விடுமுறை எதுவும் கணக்கில் சேராது. நிரலில் இல்லாததைப் பற்றிப் பேசலாம், முடிவெடுக்கக் கூடாது. இரண்டாவது கூட்டத்திலேயே இதை நேரில் பார்த்தேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், விளையாட்டுத் திடலில் ஊஞ்சலின் ரப்பர் இருக்கை கிழிந்து உள்ளே கம்பி தெரிகிறது என்று போனில் படம் காட்டினார். புது இருக்கை வாங்குவதில் யாருக்கும் மறுப்பில்லை. "நிரலில் இல்லை, இன்றைக்குப் பணம் ஒதுக்க முடியாது" என்றார் தலைவர். ஒரு ஊஞ்சலுக்கு இவ்வளவு சட்டமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கிளார்க் அசரவில்லை. அவசரத்துக்கு அவரே நடவடிக்கை எடுக்க அதிகாரம் உண்டாம். மறுநாள் காலை ஊஞ்சல் சங்கிலி மேல் கம்பத்தில் சுற்றிப் பூட்டப்பட்டு, அறிவிப்பு மாட்டியிருந்தது. இருக்கை அடுத்த மாத நிரலில் வந்தது. பிறகு யோசித்தால் அந்த விதியில் நியாயம் இருக்கிறது. என்ன முடிவாகப் போகிறது என்று பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வருகிறவர்களுக்கு அது ஒன்றுதான் பாதுகாப்பு.

கிளார்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கவுன்சிலில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள். பகுதி நேரம்; எங்களுடையவர் பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்துப் பார்க்கிறார். எந்தச் செலவானாலும் எந்தச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் செக் போடுவார். சமூகத் தோட்டத் துண்டுகளுக்கு 1908, போர் நினைவுச் சின்னத்துக்கு 1923, பஸ் நிழற்குடைக்கு 1953, ஊர்க் கடிகாரத்துக்கு 1957. தலைவர்கள் வருவார்கள் போவார்கள்; புதிதாகச் சேர்கிறவர்கள் கிளார்க்கோடு நல்ல மாதிரி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஜனவரியில் பிரிசெப்ட். பாரிஷ் தனக்கு வேண்டிய தொகையை முடிவு செய்து டிஸ்ட்ரிக்டுக்குச் சொல்லிவிடும். அவர்கள் கவுன்சில் டேக்ஸோடு சேர்த்து வசூலித்துக் கொடுப்பார்கள். உதாரணத்துக்கு 20,000 பவுண்டு வேண்டும், மதிப்பை வைத்து பி, சி, டி என்று பல வரிப் படியில் இருக்கும் வீடுகளை 'டி' படிக்குச் சமமாக்கினால் 400 வருகிறது என்று வையுங்கள். ஒரு 'டி' வீட்டுக்கு வருடத்துக்கு 50 பவுண்டு. அதை 55 ஆக்கினால் 'பாரிஷ் வரி 10 சதவீதம் உயர்வு' என்று உள்ளூர்ப் பத்திரிகையில் வரும். ஐந்து பவுண்டு என்று யாரும் எழுத மாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் இந்தச் சதவீதப் பயத்திலேயே வில்லேஜ் ஹால் பக்கத்து வேலியைப் பழுது பார்ப்பது தள்ளிப் போனது. எனக்கு அதில் உடன்பாடில்லை, கூட்டக் குறிப்பிலும் என் எதிர் ஓட்டைப் பதிவு செய்யச் சொன்னேன். அப்படிக் கேட்க உரிமை உண்டு.

ஆட்கள் கூட்டம் கூட்டமாக வருவது கட்டட அனுமதி விஷயத்துக்குத்தான். சந்துக்குப் பின்னால் உள்ள வயலில் இரண்டு வீடு கட்ட விண்ணப்பம் வந்த மாதம் ஹாலில் நாற்காலி போதவில்லை. அனுமதி தருவது டிஸ்ட்ரிக்ட். பாரிஷ் 21 நாளுக்குள் கருத்து சொல்லலாம், அவ்வளவுதான். 'என் ஜன்னலிலிருந்து வயல் தெரியாமல் போய்விடும்', 'என் வீட்டு விலை இறங்கும்' என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். இவை இரண்டுமே கணக்கில் எடுக்கப்படாதவை. பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி ஜன்னல், மழைநீர் வடிகால், சந்தின் அகலம் என்றால் எடுபடும். ஆகவே நாங்கள் சந்தின் அகலத்தையும் வடிகாலையும் பிடித்துக்கொண்டு ஆட்சேபம் எழுதினோம். ஆனால் கோப்பு அசையாமல் கிடந்ததற்குக் காரணம் நாங்கள் இல்லை. வென்சம் ஆற்றிலும் பிராட்ஸ் நீர்நிலைகளிலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடிவிட்டன என்று அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து 2022 மார்ச்சில் ஒரு அறிவுறுத்தல் அனுப்பியது. புது வீட்டுக் கழிவுநீரால் சேரும் சத்தை வேறு வழியில் ஈடு செய்வதாகக் காட்டினால்தான் அனுமதி. அதோடு நார்ஃபோக்கில் ஏகப்பட்ட வீட்டு விண்ணப்பங்கள் நின்றன. ஊரில் பாதிப் பேர் பாரிஷ் கவுன்சில்தான் தடுத்துவிட்டது என்று பாராட்டினார்கள், மீதிப் பேர் திட்டினார்கள்.

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். வேகக் கட்டுப்பாடு கவுண்டியின் கையில், கார்களைப் பிடிப்பது போலீஸ் கையில். பாரிஷால் ஒரு மைல் வேகத்தைக்கூடக் குறைக்க முடியாது. முடிந்தது ஒன்றுதான்: கடக்கும் காரின் வேகத்தை ஒளிர்ந்து காட்டும் பலகை. நார்ஃபோக்கில் அதை சாம் டூ என்பார்கள். கவுண்டியின் பாரிஷ் பார்ட்னர்ஷிப் திட்டத்தில் விண்ணப்பித்தால் இம்மாதிரி சின்னச் சாலைப் பணிகளுக்குப் பாதிச் செலவை அவர்கள் ஏற்பார்கள். விண்ணப்பம் எழுதுவது, இடம் காட்டுவது, விலைப்புள்ளி வாங்குவது எல்லாம் கேட்டவன் தலையில். பலகை வந்தது. ஒரே இடத்தில் இருந்தால் ஓட்டுநர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பதால் சில வாரத்துக்கு ஒரு முறை கம்பம் மாற்ற வேண்டும், பாட்டரி மாற்ற வேண்டும். அதுவும் நான்தான். மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஏணியில் நிற்கும்போது எதிரே வருகிற எல்லாக் காரும் 28, 29 என்றுதான் காட்டும். இறங்கி ஏணியை மடித்தால் 41.

ஓட்டு இருக்கிற எல்லோரும் வரக்கூடிய ஒரு கூட்டமும் இருக்கிறது: மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் நடக்கும் வருடாந்திர ஊர்க் கூட்டம். நம் கிராம சபைக்குத் தூரத்துச் சொந்தம். கவுன்சிலர் ஆக விருப்பமில்லாதவர்கள் அதற்காவது போய்ப் பாருங்கள், கேள்வியும் கேட்கலாம்.

கோ-ஆப்ஷனில் வந்த இடம் அடுத்த வழக்கமான பாரிஷ் தேர்தல் வரைதான். அது நான்கு வருடத்துக்கு ஒரு முறை மே மாத முதல் வியாழக்கிழமை. தொடர வேண்டுமானால் வேட்புமனு போட வேண்டும். டெபாசிட் கிடையாது, முன்மொழியவும் வழிமொழியவும் ஊர் வாக்காளர் இருவர் கையெழுத்து வேண்டும். மனுவை டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், மின்னஞ்சலில் அனுப்பினால் செல்லாது. இடங்களைவிட மனுக்கள் குறைவாக வந்தால் ஓட்டுப்பதிவே இல்லாமல் தேர்வு. எங்கள் ஊரில் இப்போதும் ஒரு இடம் காலியாகத்தான் இருக்கிறது.