நிலவறையிலிருந்து கடல் வரை: புனித சாராவின் பவனி

தெற்குப் பிரான்சில், ரோன் ஆறு கிளைத்து மத்தியதரைக் கடலில் கலக்கும் கமார்க் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது சேந்த் மரி தெ லா மேர் என்ற சிற்றூர். ஆர்ல் நகரிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வழி நெடுகிலும் நாணலும் உப்பங்கழியும், இடையிடையே பூநாரைகளும் மேய்ச்சலில் நிற்கும் வெள்ளைக் குதிரைகளும்தான். ஊருக்கு முன்பே அதன் ஆலயம் கண்ணில் படுகிறது. கடல்வழித் தாக்குதலுக்கு அஞ்சி 12ஆம் நூற்றாண்டில் கோட்டையைப் போலவே கட்டிய ஆலயம் அது. முற்றுகை நாட்களில் உள்ளே அடைக்கலம் புகுந்தவர்களுக்காக வெட்டிய நன்னீர்க் கிணறு இன்றும் ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது.

நான் சென்றது, புனித சாராவின் பவனி நடக்கும் மே 24ஆம் நாள். உயிர்த்தெழுந்த ஆண்டவரின் கல்லறைக்கு விடியற்காலையில் நறுமணப் பொருட்களுடன் சென்றவர்கள் என்று மாற்கு நற்செய்தி சொல்லும் பெண்களில் இருவரை, அதாவது யாக்கோபின் தாய் மரியாவையும், இங்கே மரியா சலோமே எனப்படும் சலோமேயையும், இவ்வூர் தன் காவலர்களாகப் போற்றுகிறது. துடுப்பும் பாயும் இல்லாத படகில் புனித நாட்டிலிருந்து தள்ளிவிடப்பட்டு, இறைவனின் துணையால் இக்கரையை அடைந்தார்கள் என்பது இப்பகுதியாகிய புரோவென்ஸ் மக்களின் மரபு. உடன் வந்த மகதலா மரியாவும் மார்த்தாவும் லாசரும் வேறு ஊர்களுக்குச் சென்றுவிட, இவ்விருவரும் இங்கேயே தங்கினார்களாம். 1448இல், புரோவென்ஸை ஆண்ட மன்னர் ரெனேயின் ஆணைப்படி ஆலயத்தின் தரையைத் தோண்டியபோது கிடைத்த எலும்புகளே அவர்களின் திருப்பண்டங்களாக இன்றும் வணங்கப்படுகின்றன.

ஆனால் அன்று அங்கே திரண்டிருந்த, ஜிப்சிகள் எனப் பொதுவாக அழைக்கப்படும் ரோமா, மனூஷ், ஜிட்டான் குடும்பங்கள் முதலில் தேடிச் சென்றது பலிபீடத்தின் அடியிலிருக்கும் நிலவறையைத்தான். நானும் அவர்கள் பின்னால் படியிறங்கினேன். நூற்றுக்கணக்கான மெழுகுதிரிகளின் வெப்பத்தில் மூச்சு முட்டியது. தாழ்ந்த கல் கூரை புகையேறிக் கறுத்திருந்தது. அந்த ஒளியில் கரிய முகத்துடன் சிலை வடிவில் நின்றிருந்தார் புனித சாரா. நேர்த்திக்கடனாக வந்த மேலாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தியிருந்ததால், முகம் ஒன்றுதான் வெளியே தெரிந்தது. எனக்கு முன் நின்ற மூதாட்டி சுரூபத்தின் கன்னத்தைத் தடவி, அந்தக் கையைத் தன் பேரக்குழந்தையின் நெற்றியில் வைத்தார். பிறகு கைக்குட்டையில் பொதிந்து வந்த ஓர் இளைஞனின் நிழற்படத்தை எடுத்து, சாராவின் ஆடையில் மெல்ல ஒற்றினார்.

சாராவை மரியாக்களின் பணிப்பெண் என்பாரும் உண்டு. கரையில் நின்று அவர்களை வரவேற்ற இவ்வூர்ப் பெண் என்பாரும் உண்டு. திருச்சபையின் அதிகாரபூர்வப் புனிதர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ரோமா மக்கள் அவரைச் 'சாரா-லா-காளி' என்று அழைப்பதைக் கேட்டதும் நம்மவர்க்கு மெய்சிலிர்க்கும். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குக் கறுத்தவள் என்பதே பொருள். அதை வைத்து நம் காளியோடு அவரை இணைத்துவிடுவது அவசரம் என்பது என் எண்ணம். எனினும் அவர்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதற்கு அவர்கள் மொழியே சான்று. இந்தி பேசுவோரைப் போலவே தண்ணீரை அவர்களும் 'பானி' என்கிறார்கள். மனூஷ் என்றால் மனிதர். நாம் நாள்தோறும் சொல்லும் மனுஷனும் அதே வேரில் பிறந்த சொல்தான்.

பிற்பகலில் திருப்பலிப் பீடத்துக்கு மேலே, உயரத்திலுள்ள சிற்றாலயத்தின் சாளரம் திறந்தது. திருப்பண்டப் பேழைகள் கயிற்றில் அங்குலம் அங்குலமாக இறங்க, கீழே நின்ற கூட்டம் மெழுகுதிரிகளை உயர்த்திப் பிடித்து, "புனித மரியாக்கள் வாழ்க! புனித சாரா வாழ்க!" என்று முழங்கியது. பேழை கைக்கெட்டும் உயரத்துக்கு வந்ததும், அதைத் தொடுவதற்காகக் குழந்தைகளைத் தோளுக்கு மேல் தூக்கினார்கள்.

பின்னர் சாராவை நிலவறையிலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். ரோமா மக்கள் நெடுங்காலமாக இங்கே வந்தும், தங்கள் புனிதரைக் கடலுக்கு எடுத்துச்செல்லும் பவனி 1935இல்தான் தொடங்கியது. அதற்காக அவர்களுடன் நின்று முயன்றவர், கமார்க் மரபுகளின் காவலராக விளங்கிய ஃபோல்கோ தெ பரோன்செல்லி. அவர் ஒன்றுதிரட்டிய கார்தியன் எனப்படும், குதிரையேறி மாடு மேய்ப்போரின் வழிவந்தோர், கையில் நீண்ட கோலுடன் வெள்ளைக் குதிரைகளில் இருபுறமும் அணிவகுத்தார்கள். வயலின்களும் கிட்டார்களும் ஒலிக்க, குறுகிய தெருக்களைக் கடந்து கடற்கரையை அடைந்ததும் குதிரைகள் முதலில் நீரில் இறங்கின. அவற்றின் நடுவே, சுரூபத்தைச் சுமந்த இளைஞர்கள் ஆடையோடு இடுப்பளவு ஆழம் வரை சென்று நின்றார்கள். சத்தம் அடங்கிச் செபம் எழுந்தது. கரையில் நின்ற பெண்கள் கடல் நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, அவ்வாறே செய்தேன்.

சாரா நிலவறைக்குத் திரும்பிய பிறகு நான் மீண்டும் படியிறங்கினேன். சுமந்து வந்தவர்களின் ஆடைகளிலிருந்து சொட்டிய கடல் நீரில் கற்படிகள் நனைந்திருந்தன. சாராவின் தோளிலிருந்து சரிந்திருந்த நீல மேலாடையை ஒரு சிறுமி எக்கி நின்று சரிசெய்துகொண்டிருந்தாள்.